ஜெயில் நாயுடுவும் சைவ நாயும்

கோழி வளர்க்கிறவர்கள் எல்லோரும் கோழியை அடைத்துவைத்து நாயை அவிழ்த்துவிடுவார்கள். நாயை அடைத்துவைத்துக் கோழியை அவிழ்த்துவிட்ட மனிதர் இந்தச் சென்னைப் பட்டணத்தில் ஒருவரே ஒருவர்தான். அவர் எங்கள் எதிர்வீட்டில் இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஏதோ நீளமாக உண்டு. அது தபால்காரருக்கு மட்டும் தெரியும். தெருவுக்கு அவர் ஜெயில் நாயுடு.

ஜெயிலுக்குப் போனவர் என்று வாசகர்கள் நினைத்துவிட வேண்டாம். போனவர்தான், ஆனால் சம்பளத்துக்குப் போனவர். ஏதோ ஒரு ஜில்லா ஜெயிலில் வார்டராகச் சேர்ந்து, ஹெட் வார்டராகப் பென்ஷன் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர். பெரிய மனிதர்களுக்கெல்லாம் ஜெயிலுக்குப் போவது கௌரவமாகிக்கொண்டிருந்த காலம் அது. யாராவது ஆறு மாதம் இருந்துவிட்டு மாலையும் கழுத்துமாக வந்தால் நாயுடுவுக்குப் பொறுக்காது.

"முப்பது வர்சம் உள்ளேயே கெடந்தேன் அய்யரே. எனக்கு ஒரு மாலை போட்டானா எவனாவது?" என்பார்.

தியாகராய நகர் அப்போது பாதி நகர், பாதி ஏரி. ஏரியைத் தூர்த்து மனை போட்டு விற்றார்கள், நாங்கள் வாங்கினோம். ஏரி விற்றுப்போன செய்தியை மட்டும் நரிகளுக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் வீடுகளைவிடக் காலி மனைகள் அதிகம். மனைகளில் கோரையும் முள்ளும் அதிகம். பொழுது சாய்ந்தால் ஊளைச் சத்தம். பகலில் கீரிப்பிள்ளை வேலி தாண்டும். மேலே பருந்து வட்டமிடும். இத்தனைக்கும் நடுவில் நாங்கள் கோட்டும் தலைப்பாகையுமாக ஆபீசுக்குப் போய்வந்து, நாகரிகமான இடத்தில் குடியிருப்பதாக உறவினர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தோம்.

இப்படிப்பட்ட இடத்துக்கு நாயுடு ஒரு சேவலும் பெட்டைகளும் குஞ்சுகளுமாக வந்து சேர்ந்தார். வந்த அன்றே எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டார். அவை தெருவை ஒரு முறை சுற்றிப் பார்த்தன, பிடித்துப்போயிற்று, எல்லா வீட்டுத் தோட்டத்திலும் மேய ஆரம்பித்தன. அண்டை வீட்டுக்காரன் என்ற முறையில் நான்தான் முதலில் யோசனை சொல்லப் போனேன்.

"நாயுடு, ஒரு பஞ்சாரம் வாங்கிக் கவுத்து வெச்சுடுங்கோ. நரி நடமாடற எடம்."

பஞ்சாரம் என்பது கோழியை மூடிவைக்கிற மூங்கில் கூடை. ஊரெல்லாம் அதுதான் வழக்கம். ஆனால் நாயுடு, தன் பெண்ணுக்கு நான் கைவிலங்கு போடச் சொன்னது போல என்னைப் பார்த்தார்.

"அது இன்னா தப்பு பண்ணிச்சு?"

"எது?"

"கோழி."

"தப்பு ஒண்ணும் பண்ணலை."

"அப்போ எந்த செக்சன்ல உள்ளே வைக்கச் சொல்றே அய்யரே? தப்பு பண்ணவனை வச்சுப் பூட்டினேன். பண்ணாதவனையும் வச்சுப் பூட்டினேன், அது மேல இருக்கறவன் உத்தரவு. இப்போ எனக்கு மேல யாரு? ஓட்டுமேல காக்காதான் கீது. நம்ப வூட்ல தப்பு பண்ணாத ஜீவனுக்குப் பூட்டு கெடையாது. அவ்ளோதான்."

பூட்டு கிடையாதே தவிர, மற்றபடி அது ஜெயில்தான். மாலையில் காக்கிக் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று விசில் ஊதுவார். கோழிகள் நாலா திசையிலிருந்தும் ஓடி வரும். நொய்யை இறைத்துவிட்டு, விரலை நீட்டி எண்ணுவார். கணக்குச் சரியாக இருந்தால்தான் அவை பழைய ஏரிக்கரைப் பூவரச மரத்தில் ஏறித் தூங்கலாம். ஒவ்வொன்றுக்கும் உத்தியோகப் பெயர் உண்டு. கிழட்டுப் புள்ளிப் பெட்டைக்கு மேட்ரன் என்று பெயர். சேவலின் பெயர் சூப்பிரண்டு. காரணம் கேட்டேன்.

"காலையில ஒரு தபா கத்துவான். அப்பால நாள் பூரா நெஞ்சை நிமித்திக்கினு நடப்பான். எங்க சூப்பிரண்டும் அதேதான்."

நாயுடம்மா ஒரு நாள் என் மனைவியிடம் அங்கலாய்த்தாள்: "இந்த மன்சன் முப்பது வர்சம் மன்சாளை எண்ணிக்கினு இருந்தாரும்மா. பென்சன் வந்தா வுட்டுடுவாருன்னு பாத்தேன். இப்போ கோழியை எண்றாரு. படுக்கறப்போ என்னை ஒரு தபா எண்ணிட்டுதான் வெளக்கை அணைக்கறாரு."

பருந்துக்கு அவர் கண்டுபிடித்த மருந்து சாயம். பாய்க்குப் போடுகிற பச்சைச் சாயத்தைக் கரைத்து, குஞ்சுகளை ஒவ்வொன்றாக முக்கி எடுத்து வெயிலில் விட்டார். பருந்துக்குத் தெரிந்த கோழிக்குஞ்சு மஞ்சளாக இருக்கும். பச்சையாக ஒன்று ஓடினால் இது என்ன பண்டம் என்று அது யோசிக்கும். அது யோசித்து முடிப்பதற்குள் குஞ்சு வேலிக்குள் போய்விடும். இது நாயுடுவின் வாதம். நம்பமாட்டீர்கள், பருந்துகள் உண்மையாகவே யோசித்தன.

யோசித்தது பருந்து மட்டும் இல்லை. தெருக்கோடி வக்கீலின் மாமனார் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். கண் கொஞ்சம் மந்தம். ஒரு பச்சைக் குஞ்சு வழிதவறி அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் போய்விட்டது. வக்கீல் கோர்ட்டிலிருந்து திரும்பியபோது, மாமனார் வாழைப்பழத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, "ராம் ராம் சொல்லுடா கண்ணா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"புதுக் கிளி போலிருக்கு மாப்ளே. இன்னும் பேச்சு வரலை."

வக்கீல் அன்றைக்கு எதையும் விளக்கவில்லை. ஆனால் மறந்துவிடவும் இல்லை. அவர்தான் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர். சங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும். தெருவிளக்குக்கு ஒரு தீர்மானம் போட்டோம், நரிக்கு ஒரு தீர்மானம் போட்டோம். விளக்கு வரவில்லை, நரி வந்தது. மாமனார் ஊருக்குத் திரும்பிய வாரம் கோழிக்கும் ஒரு தீர்மானம் வந்தது: நாயுடு கோழிகளை அடைத்துவைக்க வேண்டும். நாயுடு அதைப் படித்துப் பார்த்து, குற்றச்சாட்டு இல்லாத தண்டனை செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

இனி நாய்களுக்கு வருகிறேன்.

முதலில் ஒரு பெட்டையை நாய் அடித்தது. நாயுடுவின் இடத்தில் வேறு யாராக இருந்தாலும் தடியை எடுத்திருப்பார்கள். நாயுடு கயிற்றை எடுத்தார். குற்றவாளி ஒரு காதறுந்த செவலை. மாம்பலம் ரயிலடிப் பக்கத்துத் தெருநாய். அதைப் பிடித்துக் கட்டி இழுத்துவந்து, வீட்டுக்குப் பக்கத்தில் கம்பி வலையால் ஓர் அறை கட்டி உள்ளே தள்ளினார். விசாரணை நடந்தது. நாய் எதிர்வாதம் செய்யவில்லை. துரத்தினால் இவ்வளவு நாள், கடித்தால் இவ்வளவு, கொன்றால் இவ்வளவு என்று நாயுடுவிடம் ஒரு சட்டம் இருந்தது.

"அடிச்சா நாயி இன்னா கத்துக்கும்? அடிக்கக் கத்துக்கும். உள்ளே வச்சா ரோசனை பண்ணும்" என்றார்.

அது என்ன ரோசனை பண்ணியது என்பது பிறகு தெரிந்தது. நாயுடுவின் ஜெயிலில் கைதிக்குக் காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் கருவாட்டுத் தலை போட்ட சோறு. செவலை பிறந்ததிலிருந்து அப்படி ஒரு சாப்பாட்டைக் கண்டதில்லை. தண்டனை முடிந்து கதவைத் திறந்ததும் தெருக்கோடி வரை போயிற்று, நின்றது, திரும்பி வந்து, நாயுடு பார்க்கும்படியாக ஒரு கோழியை நாலு அடி துரத்திவிட்டு, தானாகவே ஜெயில் வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"பாத்தியா அய்யரே, பழைய கேடி!" என்று நாயுடு பூரித்துப் போனார். "எங்க ஜெயில்லயும் இப்டித்தான். ஐப்பசி மழை வந்தா தேங்காய் திருடிட்டு உள்ளே வந்துடுவான், தை பொறந்து வெளியே போவான்."

நாய்களுக்குள் செய்தி பரவ எந்தப் பத்திரிகை உதவுகிறதோ தெரியாது. சைதாப்பேட்டையிலிருந்தும் கோடம்பாக்கத்திலிருந்தும் நாய்கள் வர ஆரம்பித்தன. எல்லாம் கோழியைப் பார்த்து மரியாதைக்கு ஒரு குரைப்புக் குரைத்துவிட்டு வரிசையில் நின்றன. உள்ளே இடம் போதவில்லை. நாயுடு சிலருக்குத் தண்டனையைக் குறைத்தார். சிலரை நன்னடத்தையின் பேரில் வெளியே படுக்க அனுமதித்தார்.

நாயுடம்மா கூழ்ச் சட்டியைத் தரையில் இடித்தாள். "ஊர்ல கீற நாயெல்லாம் இவரு வூட்டு மாப்பிள்ளை! நான் வடிச்சிக் கொட்டணும்!"

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாப்பாடு போட்ட வீட்டு வாசலை விட்டு நாய் நகராது. அந்த நாய்க் கூட்டம் வாசலிலும் பூவரச மரத்தடியிலும் விழுந்து கிடந்ததால், நரி எங்கள் தெருவுக்கு வருவதையே விட்டுவிட்டது. கீரி காலி மனையோடு நின்றது. சங்கத்தின் தீர்மானம் செய்யாததைக் கருவாட்டுத் தலை செய்தது.

இவ்வளவு காவல் இருந்தும் மாதத்துக்கு இரண்டு கோழி காணாமற் போயிற்று. நாயுடு குழம்பினார். நரி வரவில்லை, தெருநாய்களுக்கு வயிறு நிறைந்திருந்தது. இறகுகள் கிடந்த தடத்தைப் பார்த்துக்கொண்டே போனார். தடம் தெருக்கோடி வரை போய், வக்கீல் வீட்டுச் சுற்றுச்சுவரில் முடிந்தது.

வக்கீலிடம் சீசர் என்று ஓர் அல்சேஷன் இருந்தது. ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரை கொடுத்துவிட்டுப் போனது. கன்றுக்குட்டி உயரம். அந்த வீட்டில் வெங்காயமே கொல்லைப்புறம் வழியாகத்தான் வரும். மாமிசம் எப்படி வரும்? ஆகவே சீசருக்குக் காலையில் பருப்பு சாதம், இரவில் தயிர்சாதம். வக்கீலுக்கு அதில் அலாதிப் பெருமை.

"பழக்கம்தான் ஓய் எல்லாம்! துரையாத்துல மாட்டு மாமிசம் தின்னுண்டிருந்தது. நம்மாத்துக்கு வந்தப்புறம் சுத்த சைவம். ஏகாதசி அன்னிக்கு எங்களோட சேந்து உபவாசம் இருக்கு. தெரியுமோ?"

நாங்கள் எல்லோரும் தலையை ஆட்டினோம். நானும் ஆட்டினேன். சங்க உறுப்பினர் ஒருவர் சீசரின் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைக்கூடப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு பெரிய பல் எதற்கு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வாயில் கறுப்பு இறகோடு சீசரை நாயுடு கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். பிடித்தவர் வழக்கம்போல் உள்ளே போட்டுவிட்டார். செய்தி கேட்டு வக்கீல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். பின்னாலேயே தெரு முழுவதும் வந்தது.

"நாயுடு! யார் நாயை யார் பூட்டறது? இது திருட்டு! போலீசுக்குப் போவேன்!"

"வாயில எறவு கீது வக்கீலய்யா. பாத்துக்கோ."

"காத்துல பறந்து வந்து ஒட்டிண்டிருக்கும். இறகு இருந்தா கொலையா? தின்னதைப் பாத்தீரா?"

"துன்னதைப் பாக்கலே. தொடச்சிக்கினதைப் பாத்தேன்."

கூட்டத்தில் ஒருவர் சிரித்துவிட்டார். வக்கீலுக்குக் கோபம் தலைக்கேறிற்று. "சரி! நாளைக்குக் காலம்பற சங்கத்துக்கு முன்னால பரீட்சை வெச்சுடலாம். உம்ம கோழிகளுக்கு நடுவுல என் சீசரை விடறேன். ஒண்ணைத் தொட்டாலும் ஆயுசுக்கும் சங்கிலி போட்டுடறேன். தொடலைன்னா உம்ம கோழியெல்லாம் கம்பி வலைக்குள்ள போகணும். சம்மதமா?"

நாயுடுவின் முகத்தைப் பார்த்தேன். கம்பி வலை என்றதும் மீசை ஒரு துடிப்புத் துடித்தது. போலீசில் புகார் போனால்கூட அவர் அவ்வளவு கலங்கியிருக்க மாட்டார். ஆனாலும் கண்ணால் கண்டதை நம்பியவர், சம்மதித்தார்.

"அதுவரைக்கும் சீசர் இங்கேயே இருக்கட்டும்" என்றார் வக்கீல். "நான் ராத்திரி அதுக்கு ஏதோ சொல்லிக் குடுத்தேன்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லப்படாது."

இரவு வக்கீல் வீட்டிலிருந்து தயிர்சாதம் வந்தது. சீசர் அதை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஞாயிறு காலை நாயுடுவின் தோட்டத்தில் நாற்காலிகள் போடப்பட்டன. கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. நாயுடு கம்பிக் கதவைத் திறந்தார். சீசர் சோம்பல் முறித்துக்கொண்டு வெளியே வந்தது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

சீசர் சூப்பிரண்டுக்குப் பக்கத்தில் நடந்து போயிற்று. மேட்ரனைத் தாண்டிப் போயிற்று. வேப்பஞ்செடி நிழலில் படுத்தது. ஒரு பெரிய ஏப்பம் விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. சாயம் வெளுத்த பச்சைக் குஞ்சு ஒன்று அதன் முதுகில் ஏறி நின்று எங்களைப் பார்த்தது.

"பாத்தேளா! பாத்தேளா!" வக்கீல் நாற்காலியை விட்டுக் குதித்தார். "தயிர்சாதம் ஓய், தயிர்சாதம்!"

சங்கம் கைதட்டியது. எல்லோரும் கலைந்த பிறகு நான் அவரருகே போனேன்.

"என்ன நாயுடு இது? நேத்து வாயில இறகோட இருந்ததுதானே?"

"ஆமா."

"இன்னிக்கு ஏன் திரும்பிக்கூடப் பாக்கலை?"

"வயிறு ரொம்பிக் கீது." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "காலையில வஞ்சிரத் தலை போட்டேன். ரெண்டு. நாயுடம்மா சைதாப்பேட்டைக்குப் போய் வாங்கியாந்துச்சு."

"பரீட்சை அன்னிக்கா போடுவா?"

"கோர்ட்டுக்குப் போற கைதியைப் பட்டினியா அனுப்பப்படாது அய்யரே. ரூல்."

"அதைச் சபையில சொல்லப்படாதா? இன்னொரு தரம் வெறும் வயித்தோட விட்டுப் பாக்கலாமே!"

"ஒரே குத்தத்துக்கு ரெண்டு தபா விசாரணை கெடையாது. அதுவும் ரூல்தான்."

இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அன்று மத்தியானமே நாய்களையெல்லாம் வெளியே விட்டார். ஜெயிலைக் கழுவினார். ஒவ்வொரு கோழியாகத் தூக்கி உள்ளே விட்டார். நாயுடம்மா உதவிக்கு வந்தபோது, "நீ தொடாதே. வாக்கு குட்த்தவன் நான்" என்று அனுப்பிவிட்டார். வெளியே விடப்பட்ட கேடிகள் ஒன்றும் புரியாமல் வலையைச் சுற்றிச் சுற்றி வந்தன. உள்ளே கோழிகளும் ஒன்றும் புரியாமல் வலையோரமாக நடந்தன. நாயுடு ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆபீசுக்குப் போகும்போதும் பார்ப்பேன், வரும்போதும் பார்ப்பேன்; அங்கேயேதான் இருப்பார். விசில் சத்தம் நின்றுபோயிற்று. காக்கிக் கோட்டு கொடியில் தொங்கியது.

ஒரு வாரத்தில் கோழிகள் ஒன்றையொன்று கொத்திக்கொள்ள ஆரம்பித்தன. மேட்ரன் முட்டையிடுவதை நிறுத்திவிட்டது. மூலையில் சுவரைப் பார்த்து நிற்கும். நாயுடு அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

"சாப்பிடக்கூட வரமாட்டேங்கறாரு" என்று நாயுடம்மா என் மனைவியிடம் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த முறை அவள் அங்கலாய்க்கவில்லை.

அப்போது மழை வந்தது. தான் ஓர் ஏரி என்பது எங்கள் காலனிக்கு ஞாபகம் வந்தது. மண்ணுக்குள்ளிருந்து பூரான் கிளம்பியது, தேள் கிளம்பியது, கரையான் கிளம்பியது. எங்கள் தெருவில் பூரானே கிடையாது என்று நாங்கள் அதுவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். இருந்திருக்கிறது, நாங்கள் எழுந்து பல் தேய்ப்பதற்குள் நாயுடுவின் கோழிகள் தின்று முடித்திருக்கின்றன. இப்போது என் செருப்பில் ஒரு தேள். என் மனைவியின் அரிசிப் பானைக்கடியில் ஒரு பூரான் குடும்பம். நான் தேதிவாரியாக அடுக்கிவைத்திருந்த பழைய டைரிகளை, கரையான் அதே தேதிவாரியாகத் தின்றுகொண்டு வந்தது.

சங்கம் அசையவில்லை. ஒரு நாள் வக்கீல் கோர்ட்டில் நீதிபதிக்கு முன்னால் நின்று வாதம் செய்துகொண்டிருந்தார். தலைப்பாகைக்குள் ஏதோ ஊர்ந்தது. வாதத்தை நிறுத்தாமல் ஒரு தட்டுத் தட்டினார். அது பதிலுக்கு ஒரு கடி கடித்தது. வக்கீல் "ஐயோ அம்மா" என்று அலறித் தலைப்பாகையை அவிழ்க்க, பதினோரு முழத் துணியோடு ஒரு சாண் பூரானும் எதிர்க்கட்சி வக்கீலின் காகிதக் கட்டின் மேல் விழுந்தது. வழக்கை ஒத்திவைத்தார்கள்.

அன்று சாயங்காலமே வக்கீல் வீட்டுக் கூடத்தில் அவசரக் கூட்டம். நாயுடுவையும் அழைத்திருந்தார்கள். வக்கீல் நெற்றி வீங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாயுடு, பொதுநலத்தை உத்தேசிச்சு உம்ம கோழிகளை வெளியில விடறதுன்னு சங்கம் அபிப்பிராயப்படறது."

"நானா வேணான்றேன்? வுட்டா உன் நாயி துன்னும் வக்கீலய்யா."

"மறுபடியும் அதே பேச்சா? சீசர் சைவம்னு ருஜுவாயிடுத்து! ஊர் பாத்தாச்சு!"

"போறும், நிறுத்துங்கோ."

சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது குரல். வக்கீலின் மனைவி, அலமேலு மாமி. கூட்டத்தில் பேசுகிறவர் இல்லை. அந்தத் தெருவுக்கு வந்ததிலிருந்து அவர் குரலை நான் கேட்டது அதுவே முதல் தடவை.

"சீசர் தின்னது வாஸ்தவம். கெணத்தடியில எறகைப் பொறுக்கிக் கொல்லையில புதைச்சது நான்தான். ஒரு தரம் இல்லை, எத்தனையோ தரம். புதைச்சுட்டு ஒவ்வொரு தரமும் தலைக்கு ஸ்நானம் பண்ணிண்டு வந்து உங்களுக்கு எல போட்டேன்."

வக்கீலின் திறந்திருந்த கண்ணும் மூடிக்கொண்டது. "அலமு... ஏகாதசிக்குக்கூட உபவாசம் இருந்துதேடி அது?"

"ஏகாதசிக்கு நாம பட்டினி. அதுவும் பட்டினின்னு நீங்க ஊரெல்லாம் பெருமைப்பட்டுண்டேள். அன்னிக்குத்தான் அது மொதமொதலா வாயில எறகோட வந்து என் முன்னால நின்னுது. பாவம், எத்தனை நாள்தான் அது தயிர்சாதத்தைப் பாத்துண்டு உக்காந்திருக்கும்? அந்த மனுஷர் கோழிக் கூண்டுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கறதை என்னால பாக்க முடியலை."

கூடத்தில் யாருக்கும் யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியவில்லை. சீசரின் நெற்றியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாயுடுவுக்கு இது ஜெயித்த நேரம். எழுந்து நின்று நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் கதவைப் பார்த்துக் கைகூப்பினார்.

"வுடும்மா. பசிச்சவன் மேல கேஸ் போடறதில்லே. காலையில நம்ப வூட்டுக்கு அனுப்பு. ஒரு தலை போட்டா சாயங்காலம் வரைக்கும் எந்தக் கோழியையும் தொடமாட்டான். நம்ப கேடிங்களோட சேந்து காவலும் இருப்பான்."

சங்கம் இதை எப்படித் தீர்மானமாக எழுதுவது என்று தவித்தது. கடைசியில், சீசருக்குத் தினமும் காலையில் உலாத்தல் அவசியம் என்று எழுதினார்கள். அதன்படி வக்கீல் தினமும் காலையில் சீசரை நாயுடு வீட்டு வாசல் வரை உலாத்தக் கூட்டிவருவார். அது உள்ளே போய்ச் சாப்பிட்டு முடிக்கும் வரையில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தன் கண்ணால் பார்க்காத வரையில் அவருக்கு அது இன்னமும் சைவ நாய்தான்.

கூட்டத்துக்கு மறுநாள் காலை மழை விட்டிருந்தது. கோழிகள் விடுதலையாவதைப் பார்க்கச் சங்கம் திரண்டு வந்திருந்தது. எல்லோரும் ஆபீசுக்குக் கிளம்பிய கோலத்தில் இருந்தார்கள். நாயுடு கம்பிக் கதவை அகலத் திறந்து ஓரமாக நின்றார்.

ஒரு கோழியும் வெளியே வரவில்லை.

கதவு வரை வந்தன, நின்றன, திரும்பி வலையோரமாகவே நடந்தன. "விரட்டும் ஓய்" என்றார் வக்கீல். ஒருவர் குடையை நீட்டிக்கொண்டு உள்ளே நுழையப் பார்த்தார்.

"யாரும் உள்ளே போவாதே!" நாயுடுவின் பழைய ஹெட் வார்டர் குரலை அன்றுதான் கேட்டோம். குடை மடங்கிற்று.

அவர் என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "எங்க ஜெயில்ல ஒருத்தன் இருந்தான் அய்யரே. ரொம்ப வர்சம். விடுதலை உத்தரவு வந்துச்சு. பெரிய கதவைத் தொறந்தாச்சு. வெளியே ரோட்டுல வண்டி போய்க்கினு கீது, பொம்பளைங்க கூடையோட போறாங்கோ. இவன் உள்பக்கமே நிக்கிறான். 'எஜமான், போலாமா?'ன்னான். 'போடா'ன்னேன். நிக்கிறான். மறுபடி 'போலாமா?'ன்னான். டூட்டி மாத்தற நேரம். பின்னால நின்ன வார்டர் ஒருத்தன் முதுவுல கைவச்சுத் தள்ளிட்டான். குப்புற உளுந்தான். எளுந்து மண்ணைத் தட்டிக்கினு, தள்ளினவனுக்கே ஒரு சலாம் வச்சுட்டுப் போனான். அந்தச் சலாம் இன்னும் என் கண்ணுலேயே நிக்குது."

பிறகு ஈர மண்ணில், கதவுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "அதுங்க வர்றப்போ வரட்டும்" என்றார்.

வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். கோர்ட்டுக்கு நேரமாகியிருந்தது. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் போய்விட்டார்கள். எதிர்வீட்டிலிருந்து என் மனைவி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். நானும் புறப்பட்டேன். வேலி வரை போனவன் திரும்பிப் பார்த்தேன். நாயுடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். உள்ளே மேட்ரன் கதவருகில் வந்து, கழுத்தை மட்டும் வெளியே நீட்டி, அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அதனிடம் ஏதோ மெதுவாகத் தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் திரும்பிவந்து, ஆபீஸ் கோட்டோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவர் சற்று நகர்ந்து இடம் விட்டார்.

வெயில் ஏறி முதுகைச் சுட ஆரம்பித்தபோது மேட்ரன் ஒரு காலை வெளியே வைத்தது. மண்ணை ஒரு கீறு கீறியது. இன்னொரு காலையும் வைத்தது. கடைசிக் குஞ்சு வெளியே வந்து சேர மத்தியானமாயிற்று.

அன்று நான் ஆபீசுக்குப் போகவில்லை. மறுநாள் காரணம் கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொன்னேன். எங்கள் எதிர்வீட்டுக்காரர் ஈர மண்ணில் தனியாக உட்கார்ந்திருந்தார், விட்டுவிட்டு வர மனம் வரவில்லை என்று ஆபீசில் எப்படிச் சொல்வது?